வாசகர் கேள்வி: 27ஆம் நாள் பருவத்துக்கு வந்த பன்றி

கேள்வி: நெடுங்கேணிப் பக்கத்தில் ஐந்து பெண் பன்றிகள் வளர்க்கிறேன். ஆண் பன்றியுடன் சேர்த்த ஒன்று 21 நாள் கடந்தும் பருவத்துக்கு வராததால் சினைப்பட்டுவிட்டது என்றிருந்தேன். 27ஆம் நாள் மீண்டும் பருவத்துக்கு வந்துவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் என் மகள், காரணம் தொடக்க முளையத்தின் புரதங்களில் இருக்கலாம் என்கிறாள். அவற்றை ஆராய நூற்றுக்கணக்கான முளையங்கள் வேண்டுமாம். ஒரு துளி இரத்தத்தில் எத்தனையோ பார்க்கும் காலத்தில் இது ஏன்?
– வவுனியா வடக்கு வாசகர்

பதில்: பன்றியைப் பார்க்காமல் காரணத்தைத் தீர்த்துச் சொல்ல முடியாது, ஆனாலும் நீங்கள் நாளைக் குறித்து வைத்தது நல்லதாயிற்று. சினைப்படாத பன்றி வழக்கமாக 18 முதல் 24 நாட்களுக்குள் பருவத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிந்தினால், முளையங்கள் உருவாகி, தாம் இருப்பதைத் தாயின் உடலுக்கு உணர்த்தி, பின்னரே அழிந்திருக்கக்கூடும்.

அவ்வாறு உணர்த்துவது ஏறத்தாழ 11, 12ஆம் நாட்களில் நடக்கிறது. அதுவரை கடலைப் பருமனில் உருண்டையாகக் கிடந்த முளையம், சில மணித்தியாலங்களில் நூல்போல் நீண்டு 10 சென்ரிமீற்றரையும் தாண்டுகிறது. அப்போது அது ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோனையும், இன்டர்லூக்கின்-1பீட்டா வகைப் புரதமொன்றையும் வெளிவிடுகிறது. முட்டை வெளியேறிய பின் சூலகத்தில் உருவாகி, சினையைக் காக்கும் ஓமோனைச் சுரக்கும் மஞ்சட்சடலம் அழியாது நிலைத்தால்தான் சினை தொடரும்; முளையத்தின் அறிவிப்பு அதற்காகவே. அந்தப் புரதத்துக்குரிய பரம்பரையலகைச் செயலிழக்கச் செய்தபோது முளையங்கள் நீளவே இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஆக்கத்தைத் தடுத்த ஆய்விலோ முளையங்கள் நீண்டன, மஞ்சட்சடலமும் உடனே அழியவில்லை, ஆனால் சினை நிலைக்கவில்லை. உங்கள் மகள் சொன்னதில் நியாயம் உண்டு என்பது இதனாற்றான்.

இனி, நூற்றுக்கணக்கில் ஏன் வேண்டும் என்பது. டி.என்.ஏ. எவ்வளவு சிறிதாயினும் அதை ஆய்வுகூடத்தில் பல கோடி மடங்கு பெருக்கிக்கொள்ளலாம். புரதத்தைப் பெருக்க அப்படியொரு வழி இல்லை, உள்ளதை மட்டுமே அளக்கலாம். முதல் வாரத்து முளையம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கைவிடச் சற்றே பெரிது. அதன் புரதங்களை ஜெல்லில் மின்னோட்டத்தால் பிரித்து, மென்சவ்வுக்கு மாற்றி, குறித்த புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியால் அடையாளம் காணும் வழக்கமான முறைக்கு ஒரு முளையத்தின் புரதம் போதாது. புரதத்தை ஆக்குவதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.யைப் பெருக்கிப் பார்த்தால் ஆகாதா என்று மகள் கேட்கக்கூடும். நான்கு கலப் பருவம்வரை முளையம் பெரும்பாலும் தாய் முட்டையில் சேமித்து வைத்ததைக் கொண்டே வாழ்கிறது, ஆகவே ஆர்.என்.ஏ. இருப்பதனால் மட்டும் அதற்குரிய புரதம் ஆக்கப்படுகிறது என்று கொள்ள முடியாது. மூலக்கூறுகளைத் திணிவால் இனங்காணும் கருவிகளான திணிவு நிறமாலைமானிகள் நுண்மையடைந்து வருவதால் தேவைப்படும் எண்ணிக்கை இப்போது குறைந்து வருகிறது.

பன்றிக்கே உரிய தொல்லைகளும் உண்டு. அதன் முட்டையில் கொழுப்பு மிகுதி. நுணுக்குக்காட்டியில் கரிய உருண்டையாகவே தெரியும், உள்ளே நடப்பது எளிதில் புலப்படாது. எலியின் புரதத்துக்கென ஆக்கிய பிறபொருளெதிரி, பன்றியில் வேறொன்றைப் பற்றிக்கொண்டு ஆய்வாளரை ஏமாற்றுவதும் உண்டு. கருப்பையைக் கழுவி முளையத்தை எடுக்கும்போது தாயின் சுரப்பும் கூடவே வரும். யூட்டரோபெரின் என்ற இரும்பேந்திய புரதம் அதற்கு ஊதா நிறத்தையே கொடுத்துவிடும். எனவே முளையத்தைப் பலமுறை கழுவி, புரதத்தின் கட்டுமானக் கூறான அமினோ அமிலத்தைக் கதிரியக்க வடிவில் சேர்த்த ஊடகத்தில் வைத்து, அது புதிதாக ஆக்கிய புரதம் எது என்று பிரித்தறிவார்கள்.

உங்கள் கொட்டிலைப் பற்றியும் ஒன்று. சேர்த்த பின்வரும் முதல் மாதத்துக் கடும் வெப்பம் முளைய இழப்பைக் கூட்டும். தகரக் கூரையாயின் அதன்மேல் கிடுகு போடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நண்பகலில் உடலில் தண்ணீர் தெளியுங்கள். இந்த ஒரு தவறுக்காகப் பன்றியை விற்றுவிட வேண்டாம். கால்நடை வைத்தியரிடம் காட்டி, தொற்று இல்லையென்றால் மீண்டும் சேர்த்து, நான்கு வாரங்கள் கழித்து ஸ்கான் செய்து பாருங்கள்.