கூரைக்குக் கீழே டிஸ்க்: உள்ளரங்க அல்டிமேட் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து, டிஸ்க்கை (ஃபிரிஸ்பீ தட்டு) ஒருவருக்கொருவர் எறிந்து ஆடும் அல்டிமேட்டுக்கு ஓர் அணி தொடங்கியிருக்கிறோம். உள்ளரங்க லீகில் சேரப்போகிறோம். ஆடுகளத்தில் ஐந்து பேர் என்கிறார்கள். எத்தனை பேரைப் பதிவு செய்வது? பதினான்கு பேர் தயாராக இருக்கிறார்கள்.

பதில்: பதினான்கு அதிகம். எட்டு அல்லது ஒன்பது பேர் சரியாக இருக்கும். ஒரு புள்ளி முடிந்த பிறகுதான் ஆட்களை மாற்ற முடியும். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் யாருக்காவது அடிபட்டிருக்க வேண்டும். உள்ளரங்கில் ஒரு புள்ளி பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் அந்த நேரம் முழுக்க நிற்காத ஓட்டம். ஒன்பது பேர் இருந்தால் ஒரு புள்ளி ஆடி ஒரு புள்ளி மூச்சு வாங்கலாம். ஆறு பேரோடு போனால் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் தூக்க முடியாது. பதினான்கு பேரோடு போனால் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து முகம் சுளிப்பார்கள். அணி உடைவது அங்கேதான். கூடுதலாக ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றால் வாரம் மாற்றி வாரம் ஆட வையுங்கள்.

பதிவுக்கு முன் ஏற்பாட்டாளரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வையுங்கள்: ஸ்டால் எண்ணிக்கை (டிஸ்க் வைத்திருப்பவர் எறிந்தாக வேண்டிய கெடுவாக எதிராளி எண்ணுவது) எட்டா பத்தா? டிஸ்க் கூரையிலோ கூடைப்பந்து வளையத்திலோ பட்டால் என்ன கணக்கு? கலப்பு அணி என்றால் ஆண் – பெண் விகிதம் என்ன? ஆட்டம் நேரக் கணக்கா, புள்ளிக் கணக்கா? லீகுக்கு லீக் இவை மாறும்.

கேள்வி: திறந்த மைதானத்தில் எங்கள் நீளமான எறிதல்கள் அழகாகப் போய்ச் சேரும். அரங்கத்துக்குள் வந்தால் எல்லாம் சுவரில் மோதுகின்றன. ஏன்?

பதில்: இடம் சுருங்கிவிட்டது, எறிதல் சுருங்கவில்லை. திறந்தவெளி அல்டிமேட் மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். எண்ட் ஸோன் (டிஸ்க்கைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் கடைசிப் பகுதி) மட்டுமே 18 மீட்டர் ஆழம். ஹேண்ட்பால் களம் 40க்கு 20. கூடைப்பந்துக் களம் என்றால் 28க்கு 15தான். எண்ட் ஸோனுக்கு நான்கைந்து எட்டு வைக்கும் இடம் கிடைத்தாலே பெரிது. மைதானத்தில் காற்று உங்கள் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும், அல்லது கீழே தள்ளும். உள்ளே காற்று கிடையாது. லேசாக மேல்நோக்கி எறிந்த டிஸ்க் மிதந்துகொண்டே போகும். ஆள் ஓடி வந்து சேர்வதற்குள் கோட்டைத் தாண்டிவிடும்.

இன்னொரு சங்கதி கோடு. அல்டிமேட்டில் எல்லைக்கோடு களத்தில் சேராது. பிடித்த பிறகு முதலில் தரை தொடும் கால் கோட்டில் நுனி பட்டாலும் அவுட். அரங்கத் தரையில் பூப்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து என்று நாலைந்து நிறக் கோடுகள் கிடக்கும்; எந்த நிறம் நம் எல்லை என்பதை ஆட்டத்துக்கு முன் எல்லோரும் நடந்து பார்த்துவிட வேண்டும். கால் உள்ளே பட்ட பிறகு வேகத்தில் வெளியே போனால் பயமில்லை, கோட்டைத் தாண்டிய இடத்துக்கே வந்து ஆட்டத்தைத் தொடரலாம்.

பழக்கத்தை மாற்ற ஒரு பயிற்சி: இரண்டு வாரத்துக்கு 12 மீட்டருக்கு மேல் யாரும் எறியக்கூடாது என்று வையுங்கள். டிஸ்க் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே தட்டையாகப் பறக்க வேண்டும். தலைக்கு மேலே தலைகீழாகப் போகும் ஹாமர் எறிதலை ஒதுக்கி வையுங்கள். தாழ்ந்த கூரையில் அது விளக்கைத்தான் தேடிப் போகும்.

கேள்வி: ஃபோர்ஹேண்ட் (எறியும் கையின் பக்கத்திலிருந்தே எறிவது) எறிந்தால் டிஸ்க் தள்ளாடிக்கொண்டே போகிறது. கையில் பலம் போதவில்லையா?

பதில்: பலம் கூடிவிட்டது, சுழற்சி போதவில்லை. அல்டிமேட் டிஸ்க் 175 கிராம் எடை, சுமார் 27 சென்டிமீட்டர் விட்டம். நேராகப் பறக்க அதற்குத் தேவை சுழற்சி. சுழற்சி மணிக்கட்டில் பிறக்கிறது, தோளில் அல்ல.

பிடியைப் பாருங்கள். நடுவிரல் டிஸ்க்கின் உள்விளிம்பில் அழுந்தி ஒட்டியிருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் அதோடு சேர்ந்தோ, டிஸ்க்கின் அடிவயிற்றை நோக்கி நீண்டோ இருக்கலாம். கட்டைவிரல் மேலே இறுகப் பிடிக்கும். உள்ளங்கை வானத்தைப் பார்க்க, முழங்கை விலாவுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஈரத்துணியை உதறுவதுபோல மணிக்கட்டைச் சொடுக்குங்கள், கை பின்தொடர்ந்து வீச வேண்டாம். வெளிவிளிம்பு விடும் நொடியில் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் தவறுவார்கள்: உள்ளங்கை புரண்டு தரையைப் பார்க்கும், வெளிவிளிம்பு எழும்பும், டிஸ்க் கவிழ்ந்து எதிர்ப்பக்கமாகத் தரையில் உருளும்.

ஒரு சோதனை. மூன்று மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி, மேல்கையை உடம்போடு அணைத்துக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் எறியுங்கள். இந்தத் தூரத்தில் தள்ளாடாமல் ஐம்பது முறை போன பிறகு ஐந்து மீட்டர், பிறகு எட்டு. முதல் நாளே பதினைந்து மீட்டரில் பயிற்சி செய்பவர்களுக்குத் தோள்பட்டை வலிதான் மிஞ்சும்.

கேள்வி: டிஸ்க் கையில் வந்ததும் எங்கள் ஆட்கள் திகைத்துவிடுகிறார்கள். எதிராளி ‘ஆறு, ஏழு’ என்று எண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டு எங்கோ எறிகிறார்கள். என்ன வழி?

பதில்: புதிய அணிகள் இழக்கும் டிஸ்க்குகளில் பாதி இப்படித்தான் போகும். ஐந்து பேரும் எதிர்முனையைப் பார்த்தே நிற்பதுதான் காரணம். திரும்பிப் பார்க்க ஒருவர் வேண்டும். அவரை டம்ப் என்பார்கள்: எறிபவருக்குப் பக்கவாட்டில், அல்லது கொஞ்சம் பின்னால், நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஹேண்ட்லர் (டிஸ்க்கைக் கைமாற்றி நகர்த்தும் பொறுப்பில் இருப்பவர்). முன்னேற்றம் பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை. அவரிடம் டிஸ்க் போனால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

எண்ணிக்கை எட்டு என்றால் மூன்றில், பத்து என்றால் ஐந்தில் எறிபவர் முன்னே பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். தலையை மட்டும் திருப்பினால் போதாது. இடுப்பு, தோள், கண் மூன்றும் டம்ப் பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பல்தான் ஹேண்ட்லருக்கு சைகை. அவர் அதுவரை அசையாமல் நின்று, திரும்பியதும் ஒரு திசையில் இரண்டு எட்டு பொய்யாக ஓடி, மறு திசையில் வெட்டி ஓட வேண்டும். முன்கூட்டியே ஓடிவிட்டால் காவலாளி ஒட்டிக்கொள்வான். பிறகு எறிய இடமே இருக்காது. முன்னால் இருக்கும் மூவரும் அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தைக் காலி செய்ய வேண்டும். உதவி செய்கிறேன் என்று எல்லோரும் டிஸ்க்கை நோக்கி ஓடிவருவதுதான் உள்ளரங்கின் பெரிய நோய்.

எண்ணிக்கை விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். மார்க்கர் (எறிபவரைக் காவல் காப்பவர்) மூன்று மீட்டருக்குள் நின்றால்தான் எண்ணலாம். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே ஒரு நொடியாவது வேண்டும். வேகமாக எண்ணினால் ‘ஃபாஸ்ட் கவுண்ட்’ என்று சொல்லுங்கள். அவர் கடைசியாக முழுதாகச் சொன்ன எண்ணிலிருந்து ஒன்றைக் குறைத்துத் தொடர வேண்டும். கடைசி எண்ணின் முதல் ஒலி வரும்போது டிஸ்க் கையில் இருந்தால் போச்சு.

கேள்வி: நடுவர் கிடையாதாம். எதிரணி எதற்கெடுத்தாலும் ‘ஃபவுல் இல்லை’ என்று சொன்னால் என்ன செய்வது?

பதில்: 1968ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி மாணவர்கள் தொடங்கிய இந்த ஆட்டத்தில், களத்தில் இருப்பவர்களே தீர்ப்பு சொல்வதுதான் அடிப்படை. டிஸ்க் பிடிக்கப்போனவர் ஃபவுல் என்கிறார், எதிராளி ஒப்புக்கொண்டால் ஃபவுல் நடந்த இடத்தில் டிஸ்க் பிடிக்க வந்தவருக்கு. மறுத்தால் எறிந்தவரிடமே திரும்பும். அவ்வளவுதான், இரண்டு நிமிடம் கத்துவதற்கு இதில் ஒன்றுமில்லை. சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் பேசட்டும், பெஞ்ச் வாயைத் திறக்கக்கூடாது.

புதிய அணிக்கு நெருக்கடி தருபவை இரண்டு. ஒன்று டிராவல்: பிவட் கால் (டிஸ்க் வைத்திருப்பவர் ஓரிடத்தில் ஊன்றி நிற்க வேண்டிய கால்) தரையிலிருந்து நகர்ந்துவிடுகிறது. இன்னொன்று பிக்: காவல் காப்பவர் தம் ஆளைத் தொடர முடியாதபடி வேறொருவர் குறுக்கே வந்துவிடுகிறார். நெரிசலான களத்தில் பிக் அடிக்கடி வரும், கோபப்பட எதுவுமில்லை. ஆட்டம் நிற்கும், தடுக்கப்பட்டவர் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் தொடரும்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் ஸ்பிரிட் மதிப்பெண் (எதிரணி எவ்வளவு நேர்மையாக, மரியாதையாக ஆடியது என்பதற்கு) போட்டுக்கொள்ளும். விதியறிவு, உடல் மோதல், நியாய மனம், நடத்தை, பேச்சு என ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 என்றால் ‘நன்று’. 10 வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள், அது சரியான மதிப்பெண்தான்.

கேள்வி: தற்காப்புக்கு, ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் ஸோனா, ஆளுக்கு ஆளா?

பதில்: முதல் பருவம் முழுக்க ஆளுக்கு ஆள். ஸோன் சுலபமாகத் தெரியும், ஆனால் யார் எந்த இடத்தை விட்டார் என்று கண்டுபிடிக்கவே உங்களுக்கு ஆறு மாதம் ஆகும். ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துவிடுங்கள். மார்க்கர் பேக்ஹேண்ட் பக்கத்தை (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் பக்கம்) மறைத்து நின்றால், மற்ற நால்வரும் ஃபோர்ஹேண்ட் பக்கமாகத் தம் ஆளுக்கு ஓர் எட்டு முன்னே நிற்க வேண்டும். மார்க்கர் ஏமாந்து மறைத்த பக்கத்தைத் திறந்துவிட்டால் நால்வரின் உழைப்பும் வீண்.

கேள்வி: மைதானத்தில் போடும் ஸ்டட் ஷூவோடு வரலாமா? விரல் சுளுக்கு அடிக்கடி வருகிறதே?

பதில்: ஸ்டட் ஷூவோடு அரங்கத்துக்குள் விடமாட்டார்கள். தரையில் கோடு விழாத ரப்பர் அடிப்பாகம் உள்ள, பூப்பந்து விளையாடும் வகை ஷூ போதும். ஓட்டப்பயிற்சி ஷூ வேண்டாம். அதன் தடித்த அடிப்பாகம் பக்கவாட்டுத் திருப்பத்தில் கணுக்காலைப் புரட்டிவிடும். வியர்வை சொட்டிய இடத்தைத் துடைக்க ஒரு துண்டு பெஞ்சில் எப்போதும் இருக்கட்டும். பாய்ந்து பிடிக்கத் துடிப்பவர்களுக்கு முழங்கால், முழங்கைக் காப்பு. இல்லாவிட்டால் தோல் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

விரல் சுளுக்குக்குக் காரணம் பெரும்பாலும் ஒற்றைக் கைப் பிடிப்பு. மார்பு உயரத்தில் வருவதை ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்து அப்பளம் தட்டுவதுபோல அறைந்து பிடியுங்கள். தலைக்கு மேலே போவதையும் முழங்காலுக்குக் கீழே வருவதையும் இரண்டு கையால் விளிம்பில் பிடியுங்கள்: மேலே கட்டைவிரல் டிஸ்க்கின் அடியில், கீழே கட்டைவிரல் டிஸ்க்கின் மேலே.