கேள்வி நேரம்: அலைவரிசை மத்திய அரசிடம், வரி மாநிலத்திடம்

கே: அமெரிக்காவில் ரேடியோ, டிவி லைசென்ஸ் தருவது மத்திய அரசின் எஃப்.சி.சி. (தகவல்தொடர்பு ஆணையம்). பிறகு ஏன் பொருளாதாரம் படுத்ததும் உள்ளூர் நிலையக்காரர்கள் மாநில சட்டமன்றத்துக்கு ஓடுகிறார்கள்? உதவி கேட்கவா?

ப: கேட்டு வாங்கப் போவதைவிட, புது வரி வருவதைத் தடுக்கப் போவதுதான் அதிகம். விற்பனை வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது. வெர்மான்ட் தவிர மற்ற மாநிலங்களில் பட்ஜெட்டில் துண்டு விழக்கூடாது என்று ஏதோ ஒரு வடிவில் விதி உண்டு. கடையில் வியாபாரம் குறைந்தால் வரி வசூலும் குறையும். உடனே, இதுவரை வரி போடாத சேவைகள் என்னென்ன என்று தேடுவார்கள். விளம்பரம் கண்ணில் படாமல் போகாது.

சிக்கல் என்னவென்றால், நிலையத்துக்கும் அதே மாதங்களில்தான் அடி விழுந்திருக்கும். உள்ளூர் டிவிக்குப் பெரும்படி அளப்பது கார் விளம்பரம். 2009இல் திவால் மனு போட்ட கிரைஸ்லர் 789 டீலர்களைக் கழற்றிவிட்டது. அவர்கள் வாங்கிவந்த ஸ்பாட்களும் (விளம்பர நேரத் துண்டுகள்) அதோடு போயின.

கே: விளம்பர வரியை எங்காவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

ப: புளோரிடாவில், 1987 ஜூலை 1 முதல். சேவைகளுக்கு 5 சதவீதம், விளம்பரமும் அதில் சேர்த்தி. நாடு முழுக்க ஓடும் விளம்பரமானால் புளோரிடா நேயர்களின் பங்குக்கு ஏற்ப வரி. பெரிய கம்பெனிகள் அங்கே விளம்பரத்தை நிறுத்தின, மாநாடுகள் ரத்தாயின, நிலையங்களே வரிக்கு எதிராக ஸ்பாட் ஓட்டின. கையெழுத்துப் போட்ட ஆளுநர் பாப் மார்டினெஸே பின்வாங்கினார். டிசம்பரில் சட்டம் ரத்து. ஆனால் பள்ளத்தை யாராவது நிரப்பியாக வேண்டுமே? பொது விற்பனை வரி 5இலிருந்து 6 சதவீதமானது. ஒளிபரப்பாளர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுவார்கள்.

இப்போது உத்தி மாறியிருக்கிறது. வரியே கூடாது என்று மல்லுக்கு நிற்பதைவிட, "எங்களை விட்டுவிடுங்கள்" என்று விலக்கு வாங்குவது சுலபம். மேரிலாந்து 2021இல் கொண்டுவந்த டிஜிட்டல் விளம்பர வரியிலும், வாஷிங்டன் மாநிலம் 2025 அக்டோபர் முதல் விளம்பரச் சேவைகளுக்கு நீட்டித்த விற்பனை வரியிலும் ரேடியோ, டிவி ஒளிபரப்புக்கு விலக்கு கிடைத்தது.

கே: எங்கள் ஊர் நிலையத்திலிருந்து சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறோம். கையில் என்ன இருக்க வேண்டும்?

ப: ஒரே ஒரு தாள். அதில் உங்கள் நஷ்டத்தை எழுதாதீர்கள். அவர் தொகுதியில் கடை வைத்திருப்பவரின் கணக்கை எழுதுங்கள். மாதம் 10,000 டாலருக்கு விளம்பரம் செய்கிற கார் டீலர், 6 சதவீத வரி வந்தால் 10,600 தரமாட்டார். அதே 10,000க்குள் வரியையும் அடக்கச் சொல்வார். 10,000ஐ 1.06ஆல் வகுத்தால் 9,434. மீதி 566 டாலர் நிலையத்துக்குத் துண்டு. ஒரு ஸ்பாட் 50 டாலர் என்றால் மாதத்துக்கு 11 ஸ்பாட் போச்சு. முடிந்தால் அந்த டீலரையே உடன் அழைத்துப் போங்கள். மேலாளர் அரை மணி நேரம் பேசுவதைவிட அவர் ஐந்து நிமிடம் பேசினால் எடுபடும்.

டவரின் வீச்சு பல தொகுதிகளைத் தொடும் என்பதால் எல்லோரையும் பார்க்கத் தோன்றும். வரி மசோதா எந்தக் குழுவுக்குப் போகிறதோ அந்த உறுப்பினர்களை முதலில் பாருங்கள். காலமும் முக்கியம்: 46 மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. கூட்டத்தொடரின் கடைசி வாரங்களில் ஒரே வாக்கியத் திருத்தமாக நுழையும் விளம்பர வரியை மே மாதம் பார்த்துத் தடுப்பது கடினம். ஜனவரியிலேயே போய்விடுங்கள்.

லாபியிஸ்டாக (ஒரு தரப்புக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசி ஆதரவு திரட்டுபவராக) பதிய வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போகும் முன் மாநில ஒளிபரப்பாளர் சங்கத்திடம் கேட்டுவிடுங்கள். விஸ்கான்சினில் பதிவு பெற்ற லாபியிஸ்ட் உறுப்பினருக்கு ஒரு காபி வாங்கித் தந்தாலே விதிமீறல்தான்.

கே: உறுப்பினரைக் குளிர்விக்க, அவர் குரலில் ஒரு பொதுச்சேவை அறிவிப்பு பதிவு செய்து ஓட்டலாமா?

ப: ஓட்டலாம், அவர் சட்டப்படி வேட்பாளர் ஆகும்வரை. ஆன நொடியிலிருந்து, ரத்த தானம் பற்றி அவர் பேசிய 30 விநாடியும் தகவல்தொடர்புச் சட்டம் 315ஆம் பிரிவின் கீழ் வரும். எதிர் வேட்பாளர் 7 நாளுக்குள் கேட்டால் அவருக்கும் அதே அளவு நேரம், அதுவும் இலவசமாக. செய்தி, செய்திப் பேட்டி இவற்றுக்கு விலக்கு உண்டு, அறிவிப்புக்குக் கிடையாது. தவறு நடப்பது ஸ்டுடியோவில் அல்ல, விளம்பர வரிசை போடும் டிராஃபிக் பிரிவில். பிப்ரவரியில் ஏற்றிய அறிவிப்பு, மனுத் தாக்கலுக்குப் பிறகும் நள்ளிரவு இடைவெளிகளில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றும்போதே முடிவு தேதியையும் போட்டுவிடுங்கள்.

கே: சங்கச் சந்தா முழுவதையும் வணிகச் செலவாகக் காட்டலாமா?

ப: முடியாது. லாபிக்குச் செலவான பங்கை மத்திய வருமான வரியில் கழிக்கக்கூடாது. அது எத்தனை சதவீதம் என்று சங்கத்தின் சந்தா பில்லிலேயே போட்டிருப்பார்கள். கணக்கரிடம் அந்தப் பில்லைக் கொடுங்கள்.