அழுத்தப் பிரிப்பு, ஓட்டப் பிரிப்புச் சூத்திரங்களை எந்தச் சுற்றிலும் போடலாமா, இல்லாட்டி கேர்ச்சோப்பின் விதிதான் போட வேணுமா?

உயர்தரம் படிக்கிற பிள்ளை எண்டு நினைச்சு எழுதுறன். கேர்ச்சோப்பின் விதியால (சந்தியில ஓட்டங்களையும் மூடிய தடத்தில அழுத்தங்களையும் கூட்டிச் சமன்படுத்துறது) மூண்டு சமன்பாடு எழுதித் தீர்த்தாலும் விடை வரும். ஆனால் பௌதிகவியல் பல்தேர்வுத் தாளில 50 வினாவுக்கு 2 மணித்தியாலம். அங்க சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தால் மணி அடிச்சுப் போடும்.

தொடராக் கிடக்கிற தடையிகளுக்குள்ள அழுத்தம் தடையின்ர விகிதத்தில பிரியும். 12 வோல்ற்றுக்குக் குறுக்கே 2 கிலோ ஓமும் 4 கிலோ ஓமும் எண்டால் 4 வோல்ற்று, 8 வோல்ற்று. இதுக்குள்ள ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு: இரண்டுக்குள்ளாலயும் ஒரே ஓட்டம் போகவேணும். நடுச்சந்தியில வேற ஏதும் கொழுவினால் முதல் அதையும் கீழ்த் தடையியையும் சமாந்தரமாச் சேர்த்து சமவலுத் தடை எடுக்க வேணும். பிறகுதான் பிரிப்பு.

இதை நான் புத்தகத்தில படிச்சு விளங்கேல்லை. 1990இல யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நிண்டு, பட்டரிக்கும் தடை வந்த காலம். றேடியோ கேக்கிறதுக்கு ஊரெல்லாம் சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோ சுத்தினது. எங்கட வீட்டில பழைய கார் பட்டரி ஒண்டு, 12 வோல்ற்று. றேடியோ 6 வோல்ற்று. ஒண்டுவிட்ட அண்ணா, என்னைவிட நல்லாப் படிச்சவர், 1 கிலோ ஓம் தடையி இரண்டைத் தொடராப் பத்தவைச்சு நடுவில மீற்றரைப் பிடிச்சார். வடிவா 6 வோல்ற்று. பிபிசி தமிழோசைக்கு நேரமாச்செண்டு றேடியோவைக் கொழுவினால் ஒரு மூச்சும் இல்லை. "றேடியோ பழுதடா" எண்டிட்டார்.

பழுதில்லை. அந்த றேடியோவைச் சும்மா 100 ஓம் எண்டு வையுங்கோ. 1000 ஓமோட சமாந்தரமாச் சேர்ந்தால் ஏறத்தாழ 91 ஓம். மேல 1000, கீழ 91. பிரிச்சுப் பாருங்கோ, றேடியோவுக்குக் கிடைக்கிறது 1 வோல்ற்று. கொழுவினபடியே மீற்றரை வைக்கச் சொன்னன், முள் விழுந்து கிடந்தது. தடையி இரண்டையும் 10 ஓமாக் குறைச்சால் 5.7 வோல்ற்று வரும்தான், ஆனால் றேடியோ இல்லாமலே 7.2 வாற்று சூடாப் போகும். சார்ஜ் பண்ண வழியில்லாத காலத்தில ஆர் அப்பிடிச் செய்வினம்?

கடைசியில நான் செய்தது வேற. பழைய பட்டரிகளில கலங்களை இணைக்கிற ஈயப்பட்டை மேல வெளியில தெரியும். ஆறு கலத்தில மூண்டாவதில வயர் எடுத்தால் நேரா 6 வோல்ற்று. ஒரு பக்கத்துக் கலங்கள் மட்டும் இறங்கிப்போகுமே எண்டு கீழ வந்து எழுதாதேங்கோ, தெரியும். ஒரு கிழமை இந்தப் பாதி, அடுத்த கிழமை மற்றப் பாதி எண்டு மாத்திப் பூட்டினன்.

அண்ணா இப்ப கனடாவில. போன முறை வந்து, கலியாண வீட்டுப் பந்தியில இருந்து அந்த ஈயப்பட்டைக் கதையைத் தான் செய்ததா எல்லாருக்கும் சொல்லுறார். நான் வாழையிலையைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டன். ஒரு சூட்கேசோட வந்தவரை எல்லாரும் நம்புகினம். சரி விடுங்கோ.

ஓட்டப் பிரிப்பில பெடியள் சறுக்கிற இடம் வேற. 3 அம்பியர் வந்து சமாந்தரமாக் கிடக்கிற 6 ஓம், 3 ஓம் எண்டு பிரியுது. 6 ஓமுக்குள்ளால போற ஓட்டத்துக்குப் பின்னத்தில மேல வாறது மற்றத் தடையி: 3 × 3/9 = 1 அம்பியர். 3 ஓமுக்கு 2 அம்பியர். தடை கூடின பாதையில ஓட்டம் குறையத்தானே வேணும். மூண்டு தடையி சமாந்தரமா வந்தால் இந்தக் குறுக்கு வழியை அப்பிடியே நீட்டாதேங்கோ. ஒவ்வொண்டின்ர 1/R (R எண்டது தடை) எடுத்து, மொத்த 1/R ஆல பிரிச்சு, ஓட்டத்தால பெருக்குங்கோ. சில ரியூசன் குறிப்புகளில இரண்டுக்கான சூத்திரம் மட்டும்தான் பெட்டி போட்டுக் கிடக்கு, மூண்டு வந்தால் பிள்ளையள் முழிக்கினம்.

நாலு தடையியைச் சதுரமா இணைச்சு நடுவில கல்வனோமானி (சின்ன ஓட்டத்தையும் காட்டுற மீற்றர்) பூட்டின பாலச் சுற்று, சமநிலையில இல்லாமல் வந்தால் தொடரும் இல்லை, சமாந்தரமும் இல்லை. அதுக்குக் கேர்ச்சோப்புத்தான். உங்கட கணக்கு அந்த வகையெண்டால் படத்தைப் போடுங்கோ, இரவு கடை பூட்டினாப்பிறகு பாக்கிறன்.