பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடத்துக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டோம். நாள் முழுக்க போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகள், மூன்றாம் வாரமே நின்றுவிட்டார்கள். தாங்களாகவே படித்துக்கொள்ள உதவும் தொழில்நுட்பத்துக்கு இவர்கள் இன்னும் தயாராகவில்லையா, இல்லை அக்கறையே இல்லையா?

எம்., திருவாரூர்

அன்புள்ள எம்.,

அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போன் பழகியிருப்பது வேறு, போனில் தனியாக உட்கார்ந்து படிப்பது வேறு.

சென்ற ஆண்டு உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஐஐடிகள் ஸ்வயத்தில் நடத்தும் என்பிடெல் பாடத்தில் சேர உதவி கேட்டு வந்தாள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். ரீல்ஸ் எடுத்துப் பாட்டுச் சேர்ப்பது அவளுக்கு ஐந்து நிமிட வேலை. பதிவு செய்ய மெயில் ஐடி கேட்டதும் கை நின்றுவிட்டது. ப்ளஸ் டூ முடித்தபோது பிரவுசிங் சென்டர் அண்ணன் உருவாக்கிக் கொடுத்த ஐடி அது. பாஸ்வேர்டும் அவரிடம், ஓடிபி போவதும் அவர் எண்ணுக்கு. அதை மீட்கவே ஒரு நாள் போயிற்று.

அப்புறம் வீடியோ. ஆங்கிலம் புரியாத இடத்தை மூன்று தடவை பின்னால் இழுத்துக் கேட்டாள். நான்காவது தடவை என் முகத்தைப் பார்த்தாள். தளத்திலேயே சந்தேகம் கேட்கலாம் என்று காட்டினேன். "தப்பா எழுதிட்டா எல்லாரும் பார்ப்பாங்களே மாமா" என்றாள். வகுப்பாக இருந்தால் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டிருப்பாள்.

தொழில்நுட்பத் தயார்நிலையை அளக்க சந்தைப்படுத்தல் துறைப் பேராசிரியர் ஏ. பரசுராமன் 2000இல் ஓர் அளவுகோல் தந்தார். நம்பிக்கையும் புதுமை ஆர்வமும் முன்னே தள்ளும். சங்கடமும் பாதுகாப்பின்மையும் பின்னே இழுக்கும். உங்கள் மாணவர்களிடம் நீங்கள் பார்ப்பது முதல் இரண்டை மட்டும்தான்.

இது சின்ன விஷயமும் இல்லை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்க 2021 முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. என்பிடெல்லில் வாரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றினால் அது கிடைத்துவிடும். மீதி 75, கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டிய தேர்வு. அங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

வாரம் ஒரு மணி நேரம் கணினி அறையில் எல்லோரையும் சேர்த்து உட்கார வையுங்கள். வீடியோவை நிறுத்தி, தமிழில் பேசிக்கொள்ளட்டும். அதற்கு முன்னால், மெயில் பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும் என்று வகுப்பில் கேளுங்கள். எத்தனை கை உயர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள்.