அமெரிக்காவில் மயக்கவியல் செவிலியர் படிப்பு: எப்படித் தயாராவது?

செவிலியர் வேலையை விட்டுவிட்டு, நோயாளிகளுக்கு மயக்கமருந்து கொடுக்கும் செவிலியராவதற்கான இந்தப் படிப்பில் சேரத் துணியலாமா, அங்கே வாழ்க்கை எப்படியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பணத்தைப் பாருங்கள். 2022 முதல் புதிதாகச் சேருவோர் அனைவருக்கும் இது முனைவர் நிலைப் படிப்பு, மூன்று ஆண்டுகள். இடையில் சம்பாதிப்பது அநேகமாக நடக்காது. கடன்களை அடைத்துவிட்டுச் சேருங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு அனுபவம் கட்டாயம். அங்கே நார்எபிநெஃப்ரின் என்ற மருந்தின் அளவைக் கூட்டும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று உங்களுக்கே விளக்கிப் பாருங்கள். பிறகு பெரிதும் கைகொடுக்கும்.

உண்மையில் மனத்தை வாட்டுவது வேறொன்று. நேற்றுவரை சக செவிலியர்கள் உங்களிடம் சந்தேகம் கேட்டிருப்பார்கள். இங்கே, மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் முகமூடியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை முகத்தோடு அழுத்த, மற்ற மூன்றும் தாடை எலும்பைத் தூக்க வேண்டும். எலும்பை விட்டுச் சதையை அழுத்தினால் மூச்சுப்பாதை அடைபடும். முதல் வாரங்களில் கை நடுங்கும், விரல்கள் மரத்துப்போகும். தயவுசெய்து அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். படிப்பை முடிப்பதற்குள் குறைந்தது 600 முறை மயக்கமருந்து கொடுக்கும் பணியில் ஈடுபட்டிருப்பீர்கள். கை தானாகப் பழகும்.

வீட்டாரிடம் மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். விடியுமுன் கிளம்பி, இரவிலும் புத்தகத்தோடு உட்காரும் உங்களை அவர்கள் மூன்று ஆண்டுகள் தாங்க வேண்டும்.