வெயிலில் நின்ற பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வது? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: ஒன்பது வயது மகள், பள்ளி மைதானத்தில் முக்கால் மணி நேரம் நின்றதில் மயங்கி விழுந்தாள். தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். உடனே மறுபடியும் மயங்கினாள்.

இரண்டாவது முறை மயங்கியதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த நாற்காலிதான்.

வெயிலில் உடம்பு சூட்டைத் தணிக்கத் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. முட்டியை விறைத்துக்கொண்டு அட்டென்ஷனில் நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தசை வேலையே செய்வதில்லை. வேர்வையில் நீரும் போய், காலையில் சாப்பிடாமலும் வந்திருந்தால் பிரஷர் சட்டென்று இறங்கும். கொட்டாவி, கண் இருட்டல், காது அடைப்பு, மேலுதட்டில் சில்லென்று வேர்வை, உதடு வெளுப்பு, அப்புறம் விழுவாள். விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் மூளைக்கு ரத்தம் திரும்பி, ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்துவிடும். அந்த நேரத்தில் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்தால் ரத்தம் மறுபடியும் கீழே இறங்கும். ஆட்டோவில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதும் இதே தப்புதான்.

நிழலில் தரையிலேயே மல்லாக்கப் படுக்கவையுங்கள். குதிகாலுக்குக் கீழே இரண்டு ஸ்கூல் பேகை அடுக்கினால் கால் ஒரு அடி உயரும், அது போதும். டை, பெல்ட், ஐடி கார்டு கயிறு, ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கி, முகம், கழுத்து, கைகளை நனைத்து விசிறுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சே இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால் இது வெறும் மயக்கம் இல்லை. நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கிவிட்டு 108-க்குச் சொல்லுங்கள்.

பேர் கேட்டால் தெளிவாகச் சொல்லும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சாதாரண மயக்கத்திலும் சில விநாடிகள் கை கால் வெட்டுவது உண்டு. அதைப் பார்த்து வலிப்பு என்று சாவியைக் கையில் திணிக்க ஓடுவார்கள். வலிப்பாகவே இருந்தாலும் சாவியால் ஒரு பயனும் இல்லை. தெளிந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்தே இருக்கட்டும். பிறகு உட்கார்ந்து, கொஞ்சம் கழித்து எழட்டும்.

வெயில் மயக்கத்தையும் ஹீட் ஸ்ட்ரோக்கையும் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். வெயில் மயக்கத்தில் உடம்பு சில்லென்றோ லேசான சூட்டிலோ இருக்கும். படுத்ததும் பேச்சு தெளிவாக வரும். இரண்டு மூன்று நிமிடம் ஆகியும் தெளியவில்லை, உளறுகிறாள், அம்மாவையே அடையாளம் தெரியவில்லை, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்சூடு 40 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போயிருக்கும். வேர்வை நின்றிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடி விளையாடிய பிள்ளை வேர்வையில் குளித்தபடியே ஹீட் ஸ்ட்ரோக்கில் விழலாம். அக்குள் தெர்மாமீட்டர் உள்சூட்டைக் குறைத்தே காட்டும், அதை நம்பி உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். பாரசிட்டமால் இங்கே வேலை செய்யாது. காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவை ஏற்றி வைக்கிறது. மாத்திரை அதைத்தான் இறக்கும். இது மூளை ஏற்றி வைத்த சூடு இல்லை.

உங்கள் மகள் நின்றுகொண்டிருந்து விழுந்தாள், சீக்கிரம் தெளிந்தாள் என்றால் பதற்றம் வேண்டாம். ஆனாலும் முதல் மயக்கம் என்பதால் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஈசிஜியும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால், எந்த அறிகுறியும் இல்லாமல் பொத்தென்று விழுந்தால், நெஞ்சு படபடத்தபின் விழுந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அதை வெயில் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இதயத்தைப் பரிசோதிக்காமல் மறுபடி விளையாட விடக் கூடாது. வலிப்புக்கோ தலைவலிக்கோ டோபிரமேட் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வேர்வை குறையலாம். அதை மருத்துவரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

தெளிந்தபின் ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) நல்லது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று தட்டினால் உப்பு கூடிவிடும். டம்ளருக்கு 200 மில்லி சின்ன பாக்கெட் தனியாகக் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி.

இனி நிற்கும்போது முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கண் இருட்டினால் யாரிடமும் கேட்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று பி.டி. ஆசிரியர் முன்னாலேயே அவளிடம் சொல்லிவையுங்கள். திட்டு விழும் என்று பயந்தே நிறையப் பிள்ளைகள் விழும்வரை நிற்கிறார்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: பள்ளிக் கழிவறை எப்படி இருக்கிறது? அங்கே போகப் பிடிக்காமல் பெண் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதே இல்லை. சாயங்காலம் பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.