150 பேர் பாதிக்கப்பட்ட வழக்கு: வக்கீல் குமாஸ்தா எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: சார், நான் பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் விடிகாலையில் அமோனியா கசிந்தது. 150 பேருக்குக் குறையாமல் பாதிப்பு. கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று பலர் இன்னும் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறார்கள். வழக்குப் போடுவதற்காக எல்லாருடைய பேப்பரையும் சேகரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல். ஒரே ஃபாரம் அடித்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாமா? பாதிப் பேர் கோவையிலும் பொள்ளாச்சியிலும் வைத்தியம் பார்த்தவர்கள். ஆவணங்கள் மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டுமா?

பதில்: ஃபாரத்தை இப்போதைக்கு அடிக்காதீர்கள். 150 பேரும் "கண் எரிந்தது, மூச்சு முட்டியது, மயங்கி விழுந்தேன்" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் பத்து வாக்குமூலங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே போதும். சொல்லிக்கொடுத்த பாடம் என்ற சந்தேகம் வந்துவிடும். நிஜமாகவே மயங்கி விழுந்தவருக்கும் அதனால் அடி விழும்.

சட்டத்தில் ஒரு சங்கதி உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. டெல்லியில் 1985 டிசம்பரில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் நடத்துகிறவர், கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் வக்கீலின் சுமையில் பாதி குறைகிறது. ஆனால் இன்ன ஆள் அந்த நேரத்தில் அங்கே இருந்தார், இந்த வாயுவால்தான் அவர் உடம்புக்கு இது வந்தது, அதனால் இவ்வளவு நஷ்டம் என்பதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டியாக வேண்டும். அந்த வேலை உங்கள் மேஜையில்தான் நடக்கிறது. 150 பேர் என்றால் 150 ஃபைல்.

முதலில், அங்கே இருந்ததற்குச் சான்று. பலர் இதை விட்டுவிட்டு நேரே மருத்துவச் சீட்டுக்குப் போகிறார்கள். ஊர்க்காரர்தானே, ஆதாரில் முகவரி இருக்கிறதே என்றால் போதாது. ஆதார் வீடு எங்கே என்று சொல்லும், அன்றைக்கு அந்த நேரத்தில் ஆள் எங்கே என்று சொல்லாது. உங்கள் பகுதியில் இதற்கு நல்ல வழிகள் உண்டு. விடிகாலையில் பால் ஊற்றுகிற ஊர் அது. பால் சொசைட்டிச் சிட்டையில் தேதியும் காலையா மாலையா என்பதும் இருக்கும், லிட்டர் கணக்கும் இருக்கும். அந்த ஒரு சீட்டு, பத்துப் பேர் சாட்சி சொல்வதைவிட உறுதியானது. தொழிலுறுதி (நூறு நாள்) வேலைக்குப் போனவர்களுக்கு மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலோடு ஆப்பில் எடுத்த வருகைப் புகைப்படமும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவருக்குக் கம்பெனி ரிஜிஸ்டர். எதுவுமே இல்லாத கிழவிக்கு, பக்கத்து வீட்டார் இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்வது. ஒரு சார்ட் தாளில் கம்பெனி, தெரு, கிணறு, சொசைட்டி எல்லாம் வரைந்து, யார் எங்கே நின்றார் என்று அவர்களையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துவிடுங்கள்.

கேட்கும்போது பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்கக் கூடாது. "கண்ணு எரிஞ்சுதா அக்கா?" என்றால் ஆமாம் என்றுதான் வரும். "அன்னைக்கு எழுந்திரிச்சதுல இருந்து நடந்ததைச் சொல்லுங்க அக்கா" என்று ஆரம்பித்து, குறுக்கே பேசாமல் எழுதுங்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடியது, குழந்தையைப் போர்வையில் சுற்றியது போன்றவை தானாக வந்து விழும். அதில்தான் நம்பகம் இருக்கிறது. பழைய ஆஸ்துமா, பீடிப் பழக்கம் எல்லாம் கேட்டு அப்படியே எழுத வேண்டும். மறைத்தால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். இருந்த நோய் இந்த வாயுவால் மோசமானது என்று காட்டினால் அதற்கும் இழப்பீடு கேட்கலாம்.

அடுத்து, முதல் நாள் சீட்டு. மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனைவிட, சம்பவத்தன்று எழுதிய ஓபி சீட்டில் டாக்டர் கிறுக்கிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ஆனால் எங்கே என்ன பெயரில் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கேரளத்து அரசு ஆஸ்பத்திரியில் வூண்ட் சர்டிபிகேட் (காயச் சான்று) என்பார்கள், கோவையிலும் பொள்ளாச்சியிலும் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) காப்பி என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. ஆகவே அதிகாரக் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடை பில்லும் சில ஓபி சீட்டும் வழவழப்பான தெர்மல் தாளில் அச்சானவை, கொஞ்ச நாளில் வெளுத்துப்போகும். கைக்கு வந்த அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். இன்னும் மூச்சு வாங்குகிறவர்கள் இருந்தால், நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஒரே ஒரு தடவை கடுமையாக வாயு உள்ளே போனாலும் ஆஸ்துமா மாதிரி ஒரு கோளாறு நீடித்து நிற்கலாம், சாதா எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகும்.

பேப்பர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் விஷவாயு வழக்கைப் பாருங்கள். 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. மனுக்கள் பத்து லட்சத்துக்கும் மேல் வந்தன, இழப்பீடு கிடைத்தது ஏறக்குறைய 5.74 லட்சம் பேருக்கு. காயம் என்ற கணக்கில் வந்த மிகப் பலருக்கு முதலில் தீர்மானமானது 25,000 ரூபாய்தான். கூடுதல் பணம் கேட்டு மத்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காசர்கோட்டு எண்டோசல்பான் பூச்சிமருந்து விஷயத்திலும் அப்படித்தான். 2017 ஜனவரியில் தலைக்கு 5 லட்சம் என்று உத்தரவு வந்த பிறகும், மருத்துவ முகாம் பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்ற சண்டை ஓயவில்லை. பட்டியலை யார் எதை வைத்துத் தயாரித்தார்கள் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

எல்லை ஊர்களுக்கே உரிய தலைவலி பெயர். ஆதாரில் 'கே. வேலுச்சாமி', ரேஷன் கார்டில் மலையாளத்தில் வீட்டுப் பெயரோடு 'வேலுசாமி', கோவை டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வேலு, வயது 52' என்று மூன்று ஆளாக நிற்பார். இதை இப்போதே கண்டுபிடித்து, வில்லேஜ் ஆபீஸில் எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விசாரணை நேரத்தில் ஓடினால் நடக்காது.

எக்செல்லில் ஒரு மாஸ்டர் ஷீட் போடுங்கள். ஒருவருக்கு ஒரு எண், அதை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது, ஆள் விலகினாலும் அந்த எண்ணை வேறு யாருக்கும் தரக் கூடாது. ஸ்கேன் ஃபைலின் பெயரும் அந்த எண்ணில்தான் தொடங்க வேண்டும். ஒரிஜினல் வாங்கினால் ரசீது கொடுங்கள். 'என்ன பாக்கி' என்று ஒரு நெடுவரிசை வைத்தால் போதும், உங்கள் தினசரி வேலை அதிலிருந்தே வரும்.

வீடியோ விஷயத்தில் அவசரம் காட்டுங்கள். சிசிடிவி பதிவுகள் சில வாரத்திலேயே அழிந்து மேலெழுதப்படும். கம்பெனியும் பக்கத்துக் கடைகளும் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போக வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் க்ளிப் உதவாது, எடுத்தவர் போனில் இருக்கும் மூலப் பதிவுதான் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, வீடியோ போன்ற மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சர்டிபிகேட் இரண்டு பகுதியாக இருக்கிறது, ஒன்றில் தாக்கல் செய்கிறவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஃபைலின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். எனவே எடுத்தவரின் பெயரும் போன் மாடலும் உங்கள் ஷீட்டில் இருக்கட்டும்.

இனி செய்யக் கூடாதவை. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். இவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் ஊர் அதையே பிடித்துக்கொள்ளும். கிடைக்கும் தொகையில் சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி வக்கீலுக்கே தடுக்கிறது, குமாஸ்தா பேசினால் கேட்கவே வேண்டாம். தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12-இல் அது இருக்கிறது. உங்கள் ஆபீஸுக்கு வருமானம் குறையலாம், ஆனாலும் கேட்பவரிடம் அதை மறைக்காதீர்கள்.

எந்த மன்றத்தில் வழக்குப் போடுவது என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டால் கேரளத்துக்கும் சென்னை அமர்வுதான், காலக்கெடு ஐந்து ஆண்டு. ஐந்து ஆண்டு இருக்கிறதே என்று ஆற அமரச் செய்யாதீர்கள், சொசைட்டிச் சிட்டை அவ்வளவு நாள் தாங்காது.

கடைசியாக மொழி. எல்லாவற்றையும் மொழிபெயர்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில்தான் இருக்கும். மலையாளத்தில் உள்ள போலீஸ் மஹஸர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), எஃப்ஐஆர் விவரம், தமிழில் எழுதிய பால் சிட்டை என்று வக்கீல் நம்பித் தாக்கல் செய்பவற்றை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். ஆங்கில அஃபிடவிட்டில் கையெழுத்திடுகிறவருக்குத் தமிழ்தான் தெரியும் என்றால், தமிழில் படித்துக்காட்டி விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். படித்துக்காட்டியது யார் என்பதும் அதிலேயே பதிவாக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் படிப்பதும் அவர்கள் கேட்பதும் பேருக்குத்தான் நடக்கும்.